மோரோ ஊற்றிய நீர்

எங்கள் ஆற்றுக்கரையில் ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை மோரோ என்பார்கள். தலையில் தண்ணீர் விழுந்ததும் அந்தப் பெயர் போய்விடும். ஐம்பது வயதைத் தாண்டியும் அது போகாமல் இருந்தது படகோட்டி எலாதியோ ஒருவனுக்குத்தான்.

அதற்கு அவன் காரணமில்லை. அவன் வீட்டின் மூத்த பிள்ளை பிறந்த மறுநாளே இறந்துபோனது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்று சொல்லி, அந்தக் காலத்துப் பாதிரியார் கல்லறைத் தோட்டத்தில் இடம் தரவில்லை. அவன் அப்பா குழந்தையை வாழைத் தோப்பில் புதைத்தார். அதன்பின் கோயில் பக்கமே போகவில்லை. பிறகு பிறந்த சலூஸ்தியோ, எலாதியோ இருவரையும் போகவிடவும் இல்லை.

எங்கள் ஊர் டெல்ஃபாவுக்கு ஒருமுறை மாதம் நிறையாமலே வலி கண்டது. கணவன் மரம் வெட்டக் காட்டுக்குள் போயிருந்தான். பிறந்த பெண் குழந்தை அழவில்லை, முனகியது. மருத்துவமனை கடலோர ஊரில் இருந்தது. மாமியார் செல்மிரா மற்றப் பிள்ளைகளோடு வீட்டில் நிற்க, டெல்ஃபா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எலாதியோவின் படகில் படுத்தாள்.

பாதி வழியில் குழந்தையின் உதடு நீலம் பாரித்தது.

"மோட்டாரை நிறுத்துங்கண்ணே."

"நிறுத்துனா நேரம் போயிரும்மா!"

"நிறுத்துங்க. பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கணும். நீங்கதான் தண்ணி ஊத்தணும்."

எலாதியோ மிரண்டுபோனான். "நானா? நானே மோரோ. என் கையால ஊத்துனா அது சேருமா?"

"ஆபத்துல யாரு வேணாலும் ஊத்தலாம்னு ஃபாதர் கோயில்ல சொல்லியிருக்காரு. பெத்தவளே ஊத்துற வழக்கம் நம்ம ஊர்ல இல்ல. எனக்கு எந்திரிக்கவும் தெம்பில்ல. திருச்சபை செய்யறதை நானும் செய்யறேன்னு மனசார நினைச்சுக்கோங்க. அது போதும்."

"வார்த்தை தெரியாதே."

"நான் சொல்றேன். பின்னாடியே சொல்லுங்க."

அவன் மோட்டாரை அணைத்தான். சுரைக்குடுக்கையில் ஆற்று நீரை மொண்டான். டெல்ஃபா ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அவனும் சொன்னான்: "எதெல்வினா, தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்." மூன்று முறை நீர் அந்தச் சின்ன நெற்றியில் வழிந்து ஓடியது. பிறகு அவன் படகை விரட்டிய வேகத்தை எங்கள் ஆறு அதற்கு முன் பார்த்ததில்லை.

குழந்தை பிழைத்தது. பல வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, கோழிக்குஞ்சு மாதிரி வீடு வந்து சேர்ந்தது. வந்த அன்றே செல்மிரா ஆரம்பித்தாள்.

"மோரோ ஊத்துனதெல்லாம் ஒரு ஞானஸ்நானமா? ஃபாதர் வந்ததும் ஒழுங்கா மறுபடி ஊத்தச் சொல்லு."

"ஒரு பிள்ளை ரெண்டு தடவ பொறக்குமா அத்தை? அவ கடவுளோட பிள்ளை ஆயாச்சு. மறுபடி ஊத்த விடமாட்டேன்."

அத்தை இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. டெல்ஃபா அசையவில்லை.

திருவிழாவுக்கு ஃபாதர் லிபார்தோ வந்தார். எலாதியோவைக் கூப்பிட்டு, என்ன ஊற்றினான், என்ன சொன்னான், என்ன நினைத்துச் செய்தான் என்று நிதானமாக விசாரித்தார். பிறகு செல்மிராவிடம், "இது செல்லும்மா. இனிமே யாரும் ஊத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மீதமிருந்த சடங்காகக் குழந்தையின் தலையில் தைலம் மட்டும் பூசினார்.

எல்லாரும் கலைந்த பிறகும் எலாதியோ போகவில்லை.

"ஃபாதர், அன்னைக்கு அந்த வார்த்தையைச் சொல்லும்போது யாரோ காது குடுத்துக் கேட்டுக்கிட்டிருந்தாங்க. எனக்கு நல்லாத் தெரிஞ்சது. பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிட்டுட்டு நான் வெளியவே நிக்கறேன். எனக்கும் உள்ள வரணும்."

"தண்ணி ஊத்தறதோட முடியறதில்ல எலாதியோ. விசுவாசம் வேணும். ஒரு வருஷம் ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்கு வந்து உபதேசியார்கிட்ட படிக்கணும்."

"வர்றேன்."

வாழைத் தோப்பில் கிடக்கும் மூத்த அண்ணனைப் பற்றியும் அவன் சொன்னான். ஃபாதர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இடம் குடுக்காதது தப்பு. அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். அந்தப் பிள்ளையைக் கடவுளோட இரக்கத்துல ஒப்படைப்போம்" என்றார். அன்று மாலையே தோப்புக்கு நடந்துபோய்ச் செபம் சொன்னார்.

ஞாயிறுதான் படகுக்கு ஆள் சேரும் நாள். எலாதியோ அதை விட்டுவிட்டு, மழையிலும் வெள்ளத்திலும் படிக்கப் போனான். சாராயக் கடையில் இருந்தவர்கள் அவனைச் சும்மா விடவில்லை.

"வழுக்கை மண்டையில தண்ணி நிக்குமா மோரோ?"

"நிக்க வேணாம். ஓடுனாப் போதும்" என்றபடி அவன் மோட்டாரைக் கிளப்பினான்.

அண்ணன் சலூஸ்தியோவின் சொல்தான் அவனைச் சுட்டது. "அப்பா செத்ததும் அவரு பேச்சும் செத்துருச்சு, இல்லடா?"

"அப்பா கோவிச்சுக்கிட்டது பாதிரியார்கிட்ட. நான் போறது கடவுள்கிட்ட."

அதோடு சலூஸ்தியோ தம்பியோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். எலாதியோவுக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒரு ஞாயிறும் தவறவில்லை.

ஒரு வருஷப் படிப்பு முடிந்த ஈஸ்டர் காலையில் கோயில் நிறைந்திருந்தது. ஞானத்தாயாக டெல்ஃபா அவன் தோளில் கை வைத்து நின்றாள். "விசுவசிக்கிறாயா?" என்று ஃபாதர் கேட்ட ஒவ்வொரு முறையும், "விசுவசிக்கிறேன்" என்று படகுத்துறை வரை கேட்கும்படி சொன்னான். நீர் வழிந்தது. உறுதிபூசுதல் தைலம் நெற்றியில் மணந்தது. எல்லாரும், "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்கியபோது அவனும் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. செல்மிரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்து அவனுக்காகச் சத்தமாகச் சொன்னாள். நற்கருணை வாங்கித் திரும்பியவன் முழங்காலில் நின்று அழுதான்.

வெளியே வந்தபோது படகுத்துறையில் சலூஸ்தியோ நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினான்.

"தலையைத் தொடைடா. சளி பிடிக்கும்."

"உள்ள வாண்ணே. மீனும் தேங்காய்ச் சோறும் போடறாங்க."

"சோத்துக்குத்தான் வர்றேன். வேற எதுவும் நினைச்சுக்காத" என்று சொல்லிக்கொண்டே சலூஸ்தியோ தம்பிக்கு முன்னால் நடந்தான்.