பின்னால் வந்த கன்று

டெக்சஸில் சுகர் லேண்டிலிருந்து கலிஃபோர்னியாவில் இருக்கும் டப்ளினுக்கு வீடு மாற்றியபோது, எங்கள் ட்ரெய்லரில் ஒரு கன்றுக்குட்டி இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். மாப்பிள்ளை மாதவ் கடைசி வரை நம்பவில்லை. அவன் இன்ஜினியர். கண்ணால் பார்த்தால்கூட இன்னொரு முறை அளந்து பார்ப்பான்.

அவனுக்குக் கலிஃபோர்னியாவில் புது வேலை. டப்ளினில் வீடு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கிருஹப்பிரவேசம் என்று முகூர்த்தமும் குறித்தாகிவிட்டது. போன தடவை வீடு மாற்றியபோது சாமான் ஏற்றி வந்தவர்கள் சாப்பாட்டு மேஜையை மூன்று காலோடு கொண்டுவந்து இறக்கிய கோபம் அவனுக்கு இன்னும் தணியவில்லை. அதனால் வாடகைக்கு ஒரு ட்ரெய்லர் எடுத்து, வீட்டு எஸ்யூவியின் பின்னால் மாட்டி, தானே இழுத்துக்கொண்டு போவதென்று முடிவு செய்தான். என் பெண் ஷ்ரேயாவும் பேத்தி அதிதியும் விமானத்தில் முன்னால் போய்விட்டார்கள். ட்ரெய்லரை இழுக்க எஸ்யூவியும், எஸ்யூவியை ஓட்ட மாதவும், மாதவுக்கு யோசனை சொல்ல நானும் அவன் அம்மா பர்வதமும் மிஞ்சினோம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாமானை எல்லாம் ஏற்றிவிட்டு, லாரிகளை எடை போடும் மேடையில் ட்ரெய்லரை நிறுத்தி எடை பார்த்தான் மாதவ். திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னான்: "மாமா, இந்த வண்டி ஐயாயிரம் பவுண்டுதான் இழுக்கும். இப்போ லிமிட்டுக்குக் கொஞ்சம் கீழ இருக்கோம். எங்கேயாவது வெயிட் ஏறித்துன்னா, முதல்ல இறங்கறது உங்க ரிக்ளைனர்தான். அப்பறம் என்னைக் கோச்சுக்கப்படாது."

அந்த ரிக்ளைனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டனை அமுக்கினால் கால் பக்கம் நீளும், தலைப் பக்கம் சாயும், இன்னொரு பட்டனை அமுக்கினால் முதுகைப் பிடித்துவிடும். அமெரிக்காவுக்கு வந்து எனக்கென்று நான் சம்பாதித்த ஒரே ஆஸ்தி. பக்கத்துத் தெருவில் ஒருவர் வேண்டாமென்று வாசலில் போட்டிருந்தார். வீடு வந்து சேரும்வரை நான் அதைவிட்டு எழுந்திருக்கவில்லை. அதில் சாய்ந்தபடி ஒரு தடவை புதன்கிழமை தூங்கி, அதே வாரத்துத் திங்கட்கிழமை விழித்திருக்கிறேன்.

மறுநாள் காலை பர்வதம் மாமி எங்கள் இருவரையும் எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொன்னார். சக்கரத்தின் கீழே வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டுமாம்.

"அதுக்கு ரெண்டு பேர் எதுக்கு?" என்றேன்.

"ஒருத்தர் போனா எண்ணிக்கையிலே தப்பு வரும்" என்றார்.

திரும்பி வந்தபோது, பக்கத்து வீட்டுப் புல்வெட்ட வந்த ஆட்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நீர்மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ட்ரெய்லர் பூட்டியிருந்தது. சாவி மாமியின் இடுப்பில்.

"சுவாமி படமும் குத்துவிளக்கும் உள்ள வெச்சாச்சு. இனிமே புது வீட்டு வாசல் வரைக்கும் என்னைத் தவிர யாரும் கதவைத் திறக்கப்படாது. நடுவுல யாரும் செருப்புக் காலோட ஏறப்படாது" என்றார்.

அம்மா சுவாமி பெயரைச் சொன்னால் மாதவுக்கு இன்ஜினியரிங் மறந்துவிடும். சரியென்று தலையாட்டினான். எனக்கு அப்போதே ஒரு மாதிரியாக இருந்தது. புல்வெட்டுகிற ஆளுக்கு எதற்கு நீர்மோர்? மாமி எனக்கே கேட்டால்தான் கொடுப்பார்.

சான் அன்டோனியோ தாண்டியதுமே சந்தேகம் வலுத்தது. எஸ்யூவியின் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு போயிற்று. எனக்குச் சாலையே தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. பெட்ரோல் முள் என் கண்ணெதிரிலேயே இறங்கியது. டெக்சஸின் மேற்குப் பக்கத்தில் எதிர்க்காற்று அடித்தபோது, ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு, காலையில் காப்பி குடித்த கடை மறுபடியும் முன்னால் வந்தது. அந்த மாநிலத்தை நாங்கள் போகப்போக யாரோ எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டே போனார்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ட்ரெய்லர் வாலை ஆட்டியது. கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், பின்பக்கம் இடமும் வலமும் அசையும். மாதவ் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் குறைப்பான்.

"வெயிட் எல்லாம் முன்னாடி இருந்தா இப்படி ஆடாது மாமா. பின்னாடி கனம் ஜாஸ்தியானாத்தான் ஆடும். நான் முன்னாடிதானே அடுக்கினேன்!"

"யாராவது உள்ள நடமாடறாளோ என்னமோ" என்றேன்.

பின்சீட்டில் ஜபம் செய்துகொண்டிருந்த மாமி ஒரு கணம் நிறுத்திவிட்டு, முன்னைவிடச் சத்தமாக ஆரம்பித்தார்.

வழியில் எங்கே வண்டி நின்றாலும் மாமி முதல் ஆளாக இறங்குவார். "சுவாமிக்குப் பூ வெச்சுட்டு வரேன்" என்று ட்ரெய்லருக்குப் பின்னால் போவார். கையில் பூ இருக்காது. பெரிய தண்ணீர் கேன் இருக்கும். கேன் நிறைந்து போகும், காலியாகத் திரும்பி வரும். எந்தச் சுவாமி இவ்வளவு தண்ணீர் குடிக்கும்?

"நான் தூக்கிண்டு வரட்டுமா சம்பந்தி மாமி?" என்று ஒரு தடவை கூடவே போனேன்.

"நீங்க ஸ்நானம் பண்ணலையே" என்றார்.

"கார்த்தால பண்ணினேனே."

"அது டெக்சஸ்ல. இப்போ நியூ மெக்சிகோ வந்தாச்சு."

மாநிலத்துக்கு மாநிலம் மடி ஆசாரம் மாறும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் போன கால் சும்மா திரும்பவில்லை. கதவு இடுக்கின் அருகே மூக்கைக் கொண்டுபோனேன். சந்தேகமே இல்லை. மாட்டுச் சாண நாற்றம்.

அன்று மத்தியானம் லாஸ் குருசஸ் பக்கத்தில் ஓர் ஓய்விடத்தில் மாதவ் டயரில் காற்று சரிபார்த்துக்கொண்டிருந்தான். நான் கார் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நான் கண்ணை மூடினால் காது நன்றாகத் திறந்துகொள்ளும். ஜன்னலுக்கு வெளியே மாமி போனில் பேசினார். எதிர்முனையில் டப்ளினில் இருக்கும் அவருடைய சிநேகிதி ஷ்யாமளா.

"கன்னு இருக்குடி, பத்திரமா இருக்கு. வெயில் தாங்காம தலையைத் தொங்கப் போட்டுண்டு நிக்கறது, பாவம்... தண்ணி குடுத்துண்டேதான் வரேன்... ஆமாம், சாணி போட்டிருக்கு, அந்த நாத்தம்தான் காட்டிக் குடுத்துடுமோன்னு பயமா இருக்கு... கிருஹப்பிரவேசத்தன்னிக்கு நீ வந்து பாரேன், எப்படிக் கொழுகொழுன்னு இருக்குன்னு. மாதவ் காதுல மட்டும் போட்டுடாதே."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிருஹப்பிரவேசத்துக்குப் பசுவும் கன்றும் வீட்டுக்குள் நுழைய வேண்டும். சுகர் லேண்டில் ஒரு வீட்டில் பண்ணையிலிருந்து வாடகைக்குப் பசுவைக் கூட்டிவந்து, அது சமையலறையை விட்டு வெளியே போக மறுத்ததை நானே பார்த்திருக்கிறேன். டப்ளினில் பசு கிடைத்திருக்கும், கன்று கிடைத்திருக்காது. மாமி கையோடு கொண்டு போகிறார். அதுதான் வாலை ஆட்டுகிறது. அதுதான் தண்ணீர் குடித்துக் குடித்து ஊருக்கு ஊர் வளர்ந்து கனத்துக்கொண்டே வருகிறது.

மாதவைத் தனியாக அழைத்துச் சொன்னேன்: "மாப்பிள்ளை, பதறாம கேளுங்கோ. ட்ரெய்லருக்குள்ள ஒரு கன்னுக்குட்டி இருக்கு."

அவன் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தான். "மாமா, வெயில் ஜாஸ்தியா இருக்கு. ஏசியைக் கூட்டட்டுமா?"

அரிசோனாவில் ஒரு நீளமான இறக்கத்தில் விஷயம் முற்றியது. ட்ரெய்லர் எஸ்யூவியைப் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தது. எங்கள் நிழலே எங்களை முந்திக்கொண்டு போய் வளைவில் காத்திருந்தது. பிரேக் வாசனை மூக்கில் ஏறியது. கீழே இறங்கியதும் மாதவ் முதலில் கண்ட எடை மேடையில் வண்டியை ஏற்றினான். எடைச் சீட்டை வாங்கிப் பார்த்தவன் முகம் மாறிவிட்டது.

"ஊர்ல பாத்ததைவிட அறுநூறு பவுண்டு ஜாஸ்தி! எப்படி? நடுவுல நாம ஒண்ணுமே ஏத்தலையே!"

"கன்னு" என்றேன்.

"மாமா, ப்ளீஸ். இந்த வெயிட்டோட கலிஃபோர்னியா மலையில என்னால இறங்க முடியாது. பார்டர் தாண்டினதும் முதல் ஊர்ல ஒரு டொனேஷன் கடை இருக்கு. ரிக்ளைனரை அங்க குடுத்துடலாம். நான் முன்னாடியே சொன்னேன், இல்லையா?"

மாமி உடனே இடுப்புச் சாவியைத் தட்டிக்காட்டினார். "கதவண்டைதான் இருக்கு. நான் போய்க் கட்டை அவுத்துத் தரேன், நீ எட்டி நின்னு இழுத்துக்கோ. உங்களுக்கு எதுக்கு சம்பந்தி அந்தப் பூதம்? பாய் விரிச்சுத் தரையில உக்காந்தா இடுப்புக்கு நல்லது."

எங்களுக்குத் திறக்கவே கூடாத கதவு, என் நாற்காலியைத் தூக்கிப்போட மட்டும் திறக்குமாம். நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். கலிஃபோர்னியாவில் ஒன்று கன்று இறங்க வேண்டும், இல்லையென்றால் ரிக்ளைனர் இறங்கும்.

மாநில எல்லையில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு சோதனைச் சாவடி. எல்லா வண்டியையும் நிறுத்தி, பழம் உண்டா, செடி உண்டா, கால்நடை உண்டா என்று கேட்கிறார்கள். வெளியூர்ப் பூச்சி உள்ளே வந்து தோட்டங்களைத் தின்றுவிடக் கூடாதாம். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் எங்கள் ஜன்னலில் குனிந்து அதையே கேட்டார்.

மாதவ் வாய் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து மாமியின் குரல் வந்தது: "நோ ஃப்ரூட், நோ பிளான்ட். ஒன்லி காட்."

அதிகாரி சிரித்துவிட்டுக் கையைக் காட்டினார், போகலாமென்று. இந்த நிமிஷத்தை விட்டால் என் ரிக்ளைனர் போய்விடும். நான் ஜன்னலைத் தாண்டிக் குனிந்து சொன்னேன்: "மேடம், ஆல்சோ ஒன் காஃப்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, பையிலிருந்து ஓர் இருமல் மிட்டாயை எடுத்து நீட்டினார்.

மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, பின்னால் ட்ரெய்லரைக் கையால் காட்டி, நம்மூர்க் கன்று கத்துவதுபோல் நன்றாக இழுத்து, "ம்ம்மா!" என்று கத்தினேன். பக்கத்து வரிசையில் நின்ற வண்டியில் ஒரு நாய் எழுந்து நின்று பதில் சொன்னது.

அதிகாரியின் சிரிப்பு நின்றது. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"மாமா, என்ன பண்ணினேள்!" மாதவ் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"சாவியைக் குடுங்கோ சம்பந்தி மாமி" என்றேன். மாமி பார்த்த பார்வையில் என் வாயிலிருந்த மிட்டாய் கரைந்துவிட்டது.

கதவு திறந்தது. உள்ளே சுவாமி படம் ஒரு மூலையில் இருந்தது. மற்ற இடமெல்லாம் பச்சை. தொட்டி தொட்டியாக, இடுப்பளவும் மார்பளவும் உயர்ந்த கறிவேப்பிலைச் செடிகள். தொட்டிகளில் ஈரம் சொட்டும் மண்ணும், மேலே சாண உரமும். புல்வெட்டும் ஆட்கள் எதை ஏற்றிவிட்டு நீர்மோர் குடித்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. எல்லாவற்றிலும் பெரிய செடி என் ரிக்ளைனரில் உட்கார்ந்திருந்தது. தலைப் பக்கம் சாய்த்து, கால் பக்கம் நீட்டி, இடுப்பில் பெல்ட் கட்டி, கொத்துக் கொத்தாகக் கறுத்த பழத்தோடு. எனக்குக்கூட அவ்வளவு சொகுசாக அதில் உட்காரத் தெரியாது.

"அம்மா!" என்றான் மாதவ். "செடி எல்லாம் கலிஃபோர்னியாவுக்குள்ள விட மாட்டா, எடுத்துண்டு வராதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"செடி எங்கடா எடுத்துண்டு வந்தேன்? எல்லாம் கன்னு" என்றார் மாமி.

"கன்னுன்னா... மாட்டுக் கன்னு இல்லையா?" என்றேன் நான்.

"கருவேப்பிலைக் கன்னு! மாட்டுக் கன்னைக் கொண்டுவந்து நான் என்ன பண்ணப் போறேன், ரசத்துல போடவா?"

டெக்சஸ் கறிவேப்பிலையில் எலுமிச்சை மரத்தை அழிக்கும் பூச்சி ஒட்டி வரலாம், ஒரு இலைகூட உள்ளே போகக் கூடாது என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார். இரண்டு பேர் வந்து தொட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். மண்ணைக் கூட்டி, ரிக்ளைனரையும் தட்டித் துடைத்துக் கொடுத்தார்கள். கடைசித் தொட்டி போகும்போது மாமி அதை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். பார்க்க எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆனால் ரிக்ளைனர் உள்ளே இருந்தது, தொட்டி வெளியே இருந்தது. அந்த அளவு கஷ்டத்தை நான் தாங்கிக்கொள்வேன்.

அதன் பிறகு எஸ்யூவி மூக்கை இறக்கிக்கொண்டு சாலையைப் பார்த்து ஓடியது. ட்ரெய்லர் வாலை ஆட்டவில்லை. மலையில் மாதவ் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு விசிலடித்தான். டொனேஷன் கடை வாசலை நாங்கள் நிற்காமல் தாண்டினோம். நான் அதற்குக் கைகாட்டினேன். டப்ளின் வரும்வரை மாமி என்னோடு பேசவில்லை. கிருஹப்பிரவேசத்தன்று எனக்கு விட்ட ரசத்தில் மட்டும் தாளிதம் இல்லை.

ரிக்ளைனர் ஹாலில் ஜன்னலோரம் இடம்பிடித்தது. மழைக்காலம் முடியும்வரை நானும் அதுவும் சந்தோஷமாக இருந்தோம். ஒரு நாள் காலையில் காப்பியோடு போய் உட்காரப் போனேன்.

"அசையாதேள்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார் மாமி.

நாற்காலியின் இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவில் இருந்த இடுக்கில், விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் தளிர். சாவடிக்காரர்களின் துடைப்பத்துக்கும் தப்பி உள்ளே விழுந்துகிடந்த ஒரு பழம். அதற்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு முதுகு அடிக்கடி ஈரமாக இருந்ததற்கு வயதுதான் காரணம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இப்போது அது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டது. வெயில் போகும் பக்கமெல்லாம் மாமி பட்டனை அமுக்கி அதைச் சாய்த்து வைக்கிறார். சாயங்காலம் முதுகும் பிடித்துவிடுகிறார். நான் எதிரில் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். இடுப்புக்கு நல்லதாகத்தான் இல்லை.

நேற்று கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தேன். மாமி போனில் நாட்டின் மறுகோடியில், வெஸ்ட் வின்ட்சரில் இருக்கும் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"கன்னு தயாரா இருக்குடி. இங்கேருந்து அங்க யாராவது வண்டியில வரான்னா சொல்லு... இல்லையில்லை, பிடுங்கினா பட்டுப்போயிடும். சேரோடயே அனுப்பிடறேன்."