கவலையில் நரைத்த தலை

குகதாசனுக்கு நாற்பத்தொன்பது வயதாகியும் ஒரு மயிர்கூட நரைக்கவில்லை என்பது லண்டன் செவன் கிங்ஸ் தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கலியாண வீடுகளில் அவர் வயதுக்காரர்கள் வழுக்கையும் நரையுமாகச் சுவரோரத்துக் கதிரைகளில் சாய்ந்திருக்க, இவர் மட்டும் வகிடு கலையாத கறுப்புத் தலையோடு மண்டபத்தின் நடுவில் நடந்து திரிவார். எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்.

"நல்லெண்ணெய். சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய்."

அந்த நல்லெண்ணெய் ரொம்ஃபோர்டில் ஒரு வெள்ளைக்காரனுடைய மருந்துக்கடையில் சின்னப் பெட்டியில் விற்கப்பட்டது. குட்மேய்ஸ் தமிழ்க் கடையிலும் தலைக்கு அடிக்கும் டை இருந்தது, விலையும் குறைவுதான். ஆனால் காலையில் அங்கே வாங்கினால் மத்தியானத்துக்குள் பிளேஸ்டோவில் கதைப்பார்கள். ஆகவே நம் ஆள் இரண்டு பஸ் மாறி ரொம்ஃபோர்டுக்குப் போவார். வாங்கிய பெட்டியைத் தோட்டத்துக் கொட்டிலில் ஆணிப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைப்பார். கவுன்சிலில் கணக்குப் பகுதியில் வேலை பார்க்கும் ஒரு மனிதர், இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய தகப்பன், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கொட்டிலுக்குள் கள்ளனைப் போலக் குனிந்து நுழைவதை அவரே சில சமயம் வெளியே நின்று பார்ப்பதுபோல நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வார். சிரித்துவிட்டுப் போய் டை அடிப்பார். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான்.

இது தெரிந்த ஒரே ஆள் மனைவி வசந்தமலர். அவளுக்கு நாற்பதிலேயே நரை வந்துவிட்டது. டை மணத்துக்குத் தலையிடி வரும் என்று அவள் அதை அப்படியே விட்டுவிட்டாள். போன வருடம் ஒரு கலியாண வீட்டில் யாரோ ஒரு பெண்மணி குகதாசனிடம், "இவ உங்கட அக்காவோ?" என்று கேட்டாள். அவர் உடனே திருத்தத்தான் செய்தார். ஆனால் திருத்துவதற்கு முன்னால் ஒரு சிரிப்புச் சிரித்தார். அக்கா என்றதை வசந்தமலர் மறந்துவிட்டாள். அந்தச் சிரிப்பை மறக்கவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஜூன் மாதம் கொழும்பிலிருந்து ஒரு டெலிபோன் வந்தது. யாழ்ப்பாணத்தில் கனகலிங்கம் மாரடைப்பில் செத்துப்போனார் என்றார்கள்.

கனகலிங்கம் குகதாசனுடைய பெரியப்பாவின் மகன். ஊரில் இருவருக்கும் அடுத்தடுத்த வளவு. எண்பதாம் ஆண்டு வேலி அடைக்கும்போது அண்ணை ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளி அடைத்துவிட்டார் என்பது குகதாசனுடைய கட்சி. பழைய வேலிக் கதியால் மரங்கள் நின்ற இடத்தில்தான் அடைத்தேன் என்பது அண்ணையுடைய கட்சி. அன்றோடு பேச்சு நின்றது. அடுத்த வருடம் குகதாசன் லண்டனுக்கு வந்தார், கோபத்தையும் கூடவே கொண்டுவந்தார். இப்போது அந்த ஊரில் ஆர்மி இருந்தது. இரண்டு வளவுக்குள்ளும் ஒருவரும் கால் வைக்க ஏலாது, வேலியோ எரிந்தே போயிருக்கும். கோபம் மட்டும் செவன் கிங்ஸில் பத்திரமாக இருந்தது. கனகலிங்கத்தின் மகள் சிவனேஸ்வரி மூன்று வருடத்துக்கு முன் அகதியாக வந்து பிளேஸ்டோவில் இருக்கிறாள் என்று தெரிந்தும், அரை மணித்தியாலத்தில் காரில் போய்வரக்கூடிய அந்த வீட்டுக்கு இவர் ஒருநாளும் போனதில்லை.

செய்தி கேட்டபோது நெஞ்சுக்குள் ஏதோ இடறியது உண்மை. அது துக்கமா, அல்லது இனி யாரோடு கோபமாயிருப்பது என்ற திகைப்பா என்று அவர் ஆராயப் போகவில்லை.

"இண்டையில இருந்து செத்தவீட்டுத் துடக்கு," என்றாள் வசந்தமலர். "தகப்பன்வழிச் சகோதரம். முப்பத்தொண்டாம் நாள் முடியுமட்டும் கோயில் இல்லை, மச்சம் மாமிசம் இல்லை, சவரம் இல்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "மற்றதும் இல்லை."

"எது மற்றது?"

"உங்கட நல்லெண்ணெய்."

குகதாசனுக்கு அப்போதுதான் உண்மையான துக்கம் வந்தது. "கடல் தாண்டினால் துடக்கு இல்லையெண்டு ஒரு ஐயர் சொன்னவர்," என்றார்.

"எந்த ஐயர்?"

பெயர் வரவில்லை. "என்னோட கதையாத மனிசனுக்கு நான் என்னத்துக்குத் துடக்குக் காக்கவேணும்? நீரே சொல்லும்."

"கோபம் உங்கள் ரெண்டு பேருக்கும். துடக்கு ரத்தத்துக்கு," என்று சொல்லிவிட்டு அவள் மீன் சட்டிகளை எடுத்து மேல் தட்டில் வைத்தாள். அவள் முகத்தில் பக்தி மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

முதல் வாரம் தாடி வந்தது, உப்புத் தூவியதுபோல வெள்ளையாக. இரண்டாம் வாரம் வகிட்டின் இரு கரையிலும் வெள்ளைக் கோடு. மீசை அடியில் வெள்ளையும் நுனியில் கறுப்புமாய் அவரையே பரிகாசம் செய்தது. மூன்றாம் வாரம், லண்டனுக்கு அபூர்வமாக வரும் வெயில் வந்திருந்த நேரம், குகதாசன் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார். பஸ்ஸில் ஒரு குழந்தை அவரைக் காட்டித் தாயிடம் ஏதோ கேட்டது. தாய் குழந்தையை மறுபக்கம் திருப்பி வைத்தாள்.

தொப்பி குட்மேய்ஸ் கடையில் காலை வாரியது. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவருக்கு வியர்வை கண்ணுக்குள் இறங்க, நினைவில்லாமல் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். நிமிர்ந்தால் முன்னால் பாலேந்திரா. ஊரில் ஒரே வகுப்பில் படித்தவர். அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் அதை அச்சடித்து விநியோகிக்கத் தேவையில்லை.

"ஐசே குகன்! என்னப்பா இது உம்மட தலை?"

தொப்பியை மறுபடி போடப் போனார். பிந்திவிட்டது.

"அண்ணை செத்தது கேள்விப்பட்டனான். ஆனால் உமக்கு இவ்வளவு கவலையோ? மூண்டு கிழமைக்குள்ள இப்பிடி நரைச்சுப்போட்டுதே மனிசனுக்கு!" பாலேந்திராவின் கண் கலங்கிவிட்டது.

"இல்லை பாலேந்திரா, விஷயம் வேற," என்று சொல்ல அங்கே ஒரு இடம் இருந்தது. குகதாசன் அந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டார். நீளமான, நல்ல தரமான பெருமூச்சு. "என்ன செய்யிறது," என்று சொல்லிக் கத்தரிக்காய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று பின்னேரமே டெலிபோன் அடிக்கத் தொடங்கியது. சகோதர பாசம் என்றால் இதுதான் என்றார்கள். வேலிச் சண்டையெல்லாம் வெளி வேஷம், உள்ளுக்குள் எவ்வளவு பாசம் வைத்திருந்திருக்கிறான் பாருங்கோ என்றார்கள். கவலையில் நரைக்கும் மயிர் ஏன் அடியில் மட்டும் நரைக்கிறது, நுனிக்குக் கவலை இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்க அந்த விஷயத்தில் அனுபவம் வேண்டும், அனுபவம் உள்ளவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். பாலேந்திராவின் தலையே சந்தேகத்துக்கிடமான கறுப்பு.

குகதாசனுக்கு இந்தப் புகழ் பிடித்திருந்தது. டெலிபோனில் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகினார். மூன்றாவது நாள் யாருக்கோ, "சின்னனில என்னை சைக்கிள் பாரில வைச்சு ஓடினவர்," என்று சொன்னார். அது உண்மையில் நடந்தது என்பது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்து அவரைத் திடுக்கிட வைத்தது.

புகழுக்குள் இருந்த பொறி பிறகுதான் தெரிந்தது. துடக்குக் கழிந்ததும் டை அடித்தால், கவலையில் நரைத்த தலை எப்படிக் கறுத்தது என்று கேட்பார்கள். பன்னிரண்டு வருடத்து நல்லெண்ணெயும் சேர்ந்து வெளியே வரும். அடிக்காவிட்டால் ஆயுள் முழுக்க வெள்ளைத் தலை. அடித்தால் கள்ளன், அடிக்காவிட்டால் கிழவன். எதற்கும் இருக்கட்டும் என்று ரொம்ஃபோர்டுக்குப் போய் ஒரு புதுப் பெட்டி வாங்கிக் கொட்டிலில் வைத்தார். கள்ளனாயிருக்க ஒரு வழி திறந்திருப்பது ஆறுதல்தானே.

அப்போதுதான் சிவனேஸ்வரியிடமிருந்து டெலிபோன் வந்தது. முதன்முறையாக.

"சித்தப்பா, முப்பத்தொண்டுக்கு இஞ்ச அப்பாவுக்குப் படைச்சுச் சாப்பாடு குடுக்கிறன். நீங்களும் சித்தியும் வரவேணும். எனக்கு இந்த ஊரில அப்பாட பக்கத்து ஆக்கள் எண்டு வேற ஆரும் இல்லை."

"வாறம் பிள்ளை," என்று சொல்லி டெலிபோனை வைத்த பிறகுதான் குகதாசனுக்கு உறைத்தது. ஊரை ஏமாற்றுவது வேறு. செத்தவரின் பிள்ளையிடம் போய் டை அடிக்காத தலையைப் பாசம் என்று காட்டுவது வேறு.

முப்பத்தோராம் நாள் காலை தாடியை வழித்தார். இல்ஃபோர்டில் முடிவெட்டும் சைப்ரஸ்காரன் அவர் தலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கேட்காமலே கறுப்பு நுனியையெல்லாம் ஒட்ட வெட்டி எறிந்தான். கண்ணாடியில் ஏறு நெற்றியும் குட்டை வெள்ளை மயிரும் வெள்ளை மீசையுமாக ஒரு வயோதிபர் இருந்தார். எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றியது. தன் முகத்தை எங்கேயோ பார்த்தது என்று நினைக்கிற அளவுக்கு மூளை கலங்கிவிட்டதே என்று நொந்துகொண்டார்.

பிளேஸ்டோவில் கதவைத் திறந்தது சிவனேஸ்வரி. "வாங்கோ" என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. கதவுப் பிடியில் கையை வைத்தபடி அவருடைய தலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு அவருடைய கையிரண்டையும் பிடித்துக்கொண்டு, அந்த வாசலிலேயே, வாய்விட்டு அழுதாள்.

இவ்வளவு நன்றாகவா வேலை செய்கிறது என்று குகதாசன் நடுங்கிப்போனார்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சுவரோரம் மேசையில் கனகலிங்கத்தின் படம், மாலையோடு. அடையாள அட்டைக்கு எடுத்த பழைய படம், கறுத்த தலையோடு ஒரு இளைஞன். பாலேந்திரா அதற்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, "ஒரே மாசம்! நான் என்ர கண்ணால கண்டனான்," என்று புதிதாக வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் குகதாசனின் தலையை மரியாதையோடு பார்த்தார்கள். குகதாசன் சோற்றைப் பாதியில் விட்டார்.

அவர் எழும்பிக் குசினிக்குள் போனார். சிவனேஸ்வரி அப்பளம் பொரித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, நான் உனக்கொரு விஷயம் சொல்லவேணும். இது கவலையில நரைச்ச தலை இல்லை." பூசி மெழுகாமல் சொல்லிவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். "நான் பன்னிரண்டு வருஷமா டை அடிச்சனான். துடக்கெண்டு சித்தி அடிக்கவிடேல்லை. அவ்வளவுதான். நீ வாசலில அழுதது... நான் அதுக்குத் தகுதியான ஆள் இல்லை."

அவள் அடுப்பைக் குறைத்தாள். அழுது வீங்கிய முகத்தில் சிரிப்பு வந்தது.

"அது எனக்குத் தெரியும், சித்தப்பா."

"தெரியுமோ?"

"உங்கட கலியாணத்துக்கு முதல்நாள் உங்கட தலையில நரைமயிர் பிடுங்கினது அப்பாதானாம். பிறகு ஒருக்கால் லண்டனில இருந்து ஆரோ அனுப்பின, ஆற்றையோ கலியாண வீட்டுப் படம் ஒண்டு ஊருக்கு வந்தது. அதில நீங்கள் கன்னங்கரேலெண்டு நிக்கிறியள். அப்பா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சவர். கள்ளன், எங்கட வம்சத்தில நாப்பத்தைஞ்சு தாண்டின கறுப்புத்தலை எங்க இருக்கெண்டார். பிறகு அந்தப் படத்தைத் தா எண்டு கேட்டு வாங்கித் தன்ர பெட்டிக்குள்ள வைச்சவர்."

குகதாசன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அண்ணை சிரித்திருக்கிறார். படத்தை வாங்கி வைத்திருக்கிறார். இங்கே ஒருவன் வேலியைக் காவல் காத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப ஏன் பிள்ளை வாசலில அப்பிடி அழுதனீ?"

"முன் அறையில இருக்கிற படத்தைப் பார்த்தீங்களே? அது எனக்குத் தெரியாத அப்பா. நான் பிறக்க முதல் எடுத்தது. அதுதான் கையில அம்பிட்டுது, அதைத்தான் கொண்டு வந்தனான். எனக்குத் தெரிஞ்ச அப்பா வெள்ளைத் தலை, வெள்ளை மீசை. அந்த முகத்துக்கு என்னட்ட ஒரு படமும் இல்லை." அப்பளத்தைத் தட்டில் வைத்தாள். "இண்டைக்குக் கதவைத் திறக்க அப்பா நிண்டார்."

குகதாசன் அப்பளத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். அவள், "இடைக்கிடை வந்து போங்கோ சித்தப்பா," என்றாள். கேட்கலாமோ கேட்கக்கூடாதோ என்று தெரியாதவளைப்போல, "இப்பிடியே, மாத்தாமல் வாங்கோ," என்று மெல்லச் சேர்த்துக்கொண்டாள்.

"ஓம் பிள்ளை. வாறன்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கொட்டிலுக்குப் போய்ப் புதுப் பெட்டியை எடுத்துவந்து வசந்தமலரின் கையில் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எறிய மனம் வரேல்லை. பாலேந்திராவுக்குக் குடுப்பமோ?" என்றாள்.

அவர் சிரித்தபடி குளியலறைக்குள் போனார். பன்னிரண்டு வருடமாகக் கள்ளத்தனம் செய்த அதே கண்ணாடி. அதற்குள் கனகலிங்கம் நின்றார். அதே ஏறு நெற்றி, அதே மீசை, தான் சொல்வதுதான் சரி என்கிற அதே பார்வை. அழகன் என்று நினைத்துக்கொண்டு இவ்வளவு காலமும் யாருடைய முகத்தை மறைத்துத் திரிந்திருக்கிறேன் என்று நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னால் அழுகையும் வந்தது. இந்த முறை பெருமூச்சு விடவில்லை. சும்மா அழுதார்.

பிறகு கன்னத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து, "சரி அண்ணை," என்றார். "வேலி நீங்கள் அடைச்ச இடத்திலயே நிக்கட்டும்."

வெளியே வசந்தமலர் கதவைத் தட்டினாள். "இஞ்சாருங்கோ, ஆரோட கதைக்கிறியள்?"

"அண்ணையோட."



"பதின்மூண்டு வருஷத்துக்குப் பிறகு கதைக்கிறியள்," என்றாள் அவள். "அவசரமில்லை. ஆறுதலாக் கதைச்சுப்போட்டு வாங்கோ."