பர்ஸு வைத்த தகடு

நாற்பதாம் நாள் காரியம் முடிந்ததும், துக்கத்தில் இருப்பவரின் கறுப்புச் சட்டையைக் கழற்ற வைத்துப் புதுச் சட்டை போட்டுவிட வேண்டும். ஈரானில் கெர்மான்ஷா பக்கம் அது நெருங்கிய சொந்தத்தின் கடமை. பர்ஸுவுக்கு ஷிலானை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? பூகம்பத்தில் செத்துப்போன அவர் மனைவி தூபா, ஷிலானின் பெரியம்மா.

இளநீலச் சட்டையோடு போனாள். ஒரு மூலை இடிந்த வீட்டுக்குப் பக்கத்தில், ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார் பர்ஸு. தாடியை மழித்து, சட்டையை மாட்டி, கண்ணாடியில் பார்த்தார்.

"புது மாப்பிள்ளையாட்டம் இருக்கேனேடி! உங்க பெரியம்மா இருந்தா கிண்டல் பண்ணியே என்னைக் கொன்னிருப்பா."

சிரித்தார். சிரித்து முடிக்கும் முன்னே கண் கலங்கிவிட்டது. ஷிலான் தேநீர் ஊற்றினாள்.

அந்த வீட்டுக்குப் படம் போட்டது இன்ஜினியரான ஷிலான், இரும்பை வெல்டிங் வைத்து நிறுத்தியது பர்ஸு. தூணும் உத்தரமும் சேரும் மூலையில் குறுக்கே ஒரு சின்ன இரும்புத் துண்டு வரும். சாய்வுக் கம்பி அதில்தான் வந்து முட்டும். அந்தத் துண்டு ஏன் இவ்வளவு மெலிசு என்று அன்றைக்கே அவர் போனில் கேட்டார். படித்தவர்களுக்கு எப்போதும் ஆயிரம் வேலை. "படத்துல இருக்கற மாதிரி செய்ங்க பெரியப்பா" என்று போனை வைத்துவிட்டாள். மனைவி குடியிருக்கப் போகிற வீடாயிற்றே, மனம் கேட்குமா? ஒவ்வொரு துண்டின் மேலும் கனமான தகடு ஒன்றைச் சேர்த்துப் பற்ற வைத்துவிட்டார் மனிதர்.

நிலம் ஆடியபோது சமையலறை மூலைத் தூண் மடங்கி அமர்ந்தது. தூபா அங்கேதான் நின்றிருந்தாள். மாடியில் குடியிருந்தவர்கள் தப்பினார்கள். "உஸ்தா, நீங்க வச்ச தகடுதான் எங்களக் காப்பாத்துச்சு" என்று அவர் கையைப் பிடித்து அழுதார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பர்ஸு இத்தனை நாளும் சோறு தின்றார்.

"கறுப்பு எறங்கியாச்சு. நாளைக்கே வீட்டச் சரி பண்ற வேலைய ஆரம்பிச்சுடறேன்," என்றார். "இந்தத் தடவ மூலைக்கு ரெண்டு தகடு."

ஷிலான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பேசாமல் இருந்தால் இவர் இன்றைக்காவது தூங்குவார். ஆனால் மாடிக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு திரும்பி வரப்போகிறார்களே.

"வேண்டாம் பெரியப்பா."

"ஏண்டி? ஒரு தகட்டுக்கே மூணு மாடி நின்னுச்சு."

"உங்க முழங்கால மாத்தினாங்களே, ரெண்டு இரும்புக்கு நடுவுல டாக்டர் என்ன வச்சார்?"

ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட கதை அது. உடனே சொன்னார்: "பிளாஸ்டிக்கு. தேஞ்சா அது தேயட்டும், எலும்புக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, தேஞ்சத அப்புறம் மாத்திக்கலாம்னார்."

"அந்த எடத்துலயும் இரும்பையே வச்சிருந்தா?"

"அடி பூரா எலும்புல எறங்கி நொறு..."

நிறுத்திவிட்டார். கை தானாக முழங்காலுக்குப் போனது.

"நிலம் ஆடினா அந்தத் துண்டு வளையட்டும்னுதான் மெலிசா போட்டேன்," என்றாள் ஷிலான். "அது வளைஞ்சிருந்தா தூண் நின்னிருக்கும். நீங்க கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும் பெரியப்பா. சொல்லல." விசும்பி விசும்பி அழுதாள்.

பர்ஸு அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். தேநீர் தொடாமலே ஆறிப்போனது.

"அவகிட்ட சொன்னேன்டி," என்றார் கடைசியில். "'தூபா, ஒன் சமையக்கட்டு மூலைக்கு மட்டும் ரெண்டு தடவ பத்த வச்சிருக்கேன்'னு. அவ்வளவு சந்தோஷப்பட்டா."

இளநீலச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மடித்து அவள் மடியில் வைத்தார். ஆணியில் தொங்கிய கறுப்புச் சட்டையை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மத்த மூலையிலயும் என் தகடு இருக்கு. வா, எங்க வெட்டணும்னு காட்டு."