நிழலில் காய்ந்த சட்டை

என் வீட்டுக்காரர் இசக்கிமுத்துவுக்குக் கறை என்றாலே ஆகாது. கொச்சி மட்டாஞ்சேரியில் துணி வெளுக்கிறவர். மீன்குழம்போ, மையோ, கிரீஸோ, எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் போக்கிக் கொடுப்பார். தான் உடுத்துவதும் வெள்ளைச் சட்டைதான், அதுவும் கஞ்சி போட்டு மொடமொடவென்று. மாப்பிள்ளை முறுக்கு இன்னும் போகவில்லை என்று கேலி செய்வேன்.

எங்கள் மகள் கற்பகத்துக்கு நாலு வயது. வளர்ச்சி கொஞ்சம் மெதுவாகத்தான். பேச்சு வரவில்லை. அதைவிடப் பெரிய பாடு அவள் கை. ஈரமாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் தொடமாட்டாள், இரண்டு கையையும் இறுக மூடிக்கொள்வாள். சோறு நான்தான் ஊட்ட வேண்டும். நாளைக்குப் பள்ளியில் யார் ஊட்டுவார்கள் என்று எனக்குப் பயம்.

தோப்பும்படியில் ஆக்குபேஷனல் தெரபிக்குப் பெயர் கொடுத்தோம். சாப்பிட, உடுத்த, விளையாடப் பிள்ளையைப் பழக்குவார்களாம். அங்கே பழக்குகிற ஷீஜா டீச்சர் முன்கூட்டியே போனில் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "சேச்சி, அழுக்கானாலும் பரவாயில்லாத டிரெஸ் போட்டு வாங்கோ, கேட்டோ. எல்லாரும்."

"ஏட்டி, வெளுக்கிறவன் வீட்டுலேருந்து அழுக்குத் துணியோட போவணுமா? பாக்கிறவன் சிரிக்க மாட்டான்?" என்று குதித்தார் இவர். தனக்கு வெள்ளைச் சட்டை, மகளுக்குப் பொங்கலுக்கு எடுத்த வெள்ளை ஃபிராக். இவரோடு யார் மல்லுக்கட்டுவது?

அங்கே போனதும் டீச்சர் பாயை விரித்து, மஞ்சள் கலந்த கோதுமை மாவைக் குழைத்துத் தட்டில் வைத்தார். துளி மாவு விரலில் பட்டதும் கற்பகம் வீறிட்டாள். இவர் கர்ச்சீப்பை எடுத்துச் சட்டென்று துடைத்துவிட்டார்.

"சேட்டா, அந்தக் கர்ச்சீப் இங்க தாங்கோ" என்றார் டீச்சர். "கை அழுக்கானா ஒண்ணும் ஆவாதுன்னு மோள் உங்களப் பாத்துத்தான் படிக்கணும். உங்க கைய மாவுல வைங்கோ."

காதுக் கடுக்கனைக் கழற்றிக் கொடுப்பதுபோல் கர்ச்சீப்பைக் கொடுத்தார். பிறகு வாராவாரம் போனோம். கற்பகம் உலர்ந்த அரிசியைத் தொட்டாள், அப்புறம் மணலை. மாவை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இவர் பாயில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி மாவைப் பிசைந்துகொண்டிருப்பார். சட்டை மட்டும் வெள்ளைதான், அதில் விட்டுக்கொடுக்கவே இல்லை.

ஒருநாள் கற்பகம் தானாக அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் கையைப் பார்த்தாள். மூடியிருந்த வலக்கையை மெல்லத் திறந்து தட்டில் வைத்தாள். முகம் கோணியது. இதோ கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. கையை எடுத்து, அப்பாவின் நெஞ்சில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். வெள்ளைச் சட்டையில் மஞ்சளாக ஐந்து விரலும் பதிந்தன.

எங்கள் கஞ்சிச் சட்டைக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன், ஆனால் அவர் சத்தம்தான் பெரிது. டீச்சர் ஈரத்துணி கொண்டுவந்தபோது, "வேண்டாம் டீச்சர்" என்று விலகிக்கொண்டார். பஸ்ஸில் எல்லோரும் சட்டையையே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்துவந்தார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. அவள் இன்னும் சோற்றை அள்ளித் தின்னவில்லைதான். தின்பாள், எனக்கு இப்போது பயமில்லை.

மறுநாள் அந்தச் சட்டையின் காலரையும் கையையும் மட்டும் அலசினார். ஊர்த்துணியெல்லாம் வெளியே கயிற்றில் காய, அதை மட்டும் கொட்டகைக்குள் தொங்கவிட்டார்.

லாட்ஜ் விரிப்புகளை வெளுக்கப் போட வந்த சேவியர் அதைப் பார்த்துவிட்டார். "எந்தா இசக்கி, இத உள்ள போட்டிருக்கு? மஞ்சளல்லே, வெயில்ல இட்டா போவுமே!"

"போயிரும் சேட்டா" என்றார் இவர். "அதுக்குத்தான் உள்ள போட்டிருக்கேன்."