சுவருக்கடியில் ஒரு தொட்டி

காலையில் குளியலறைக் கதவைத் திறந்ததும் சின்னவளுக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். தரையில் கணுக்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர் நின்றது. அதன் மேல் நுரை மிதந்தது. அந்த நுரையில் அவள் வீட்டில் யாரும் வாங்காத ஒரு சோப்பின் வாசனை இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கணவனின் அண்ணன் மனைவி, பெரியவள், துணி அலசியிருக்கிறாள் என்று அர்த்தம்.

மாமியாரான அத்தையை இன்று பிற்பகல் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். இடுப்பு எலும்பு உடைந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். பிடித்து நடக்கிற சட்டத்தைத் தள்ளிக்கொண்டு நாலடி நடக்கப் பழகிவிட்டார். ஆனால் படுக்கையில் வைக்கிற பாத்திரத்துக்கு மட்டும் கடைசிவரை பழகவில்லை. பாத்திரத்துக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொண்டார். உதடு வெடித்து, சிறுநீர் எரிந்து, ஜுரம் வந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. டாக்டரம்மா சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டு, இனி இந்த வயதில் தண்ணீர்தான் மருந்து, மறுபடி இப்படி ஆனால் சிறுநீரகம் தாங்காது என்று சொல்லி அனுப்பினார். அப்போதே சின்னவள் முடிவு செய்துவிட்டாள். அத்தை தன் காலால் நடந்து போய், கதவைச் சாத்திக்கொண்டு, மானமாக உட்கார்ந்து எழுந்து வர வேண்டும். அதற்காகக் குளியலறையில் கைப்பிடி அடித்தாள், வழுக்காத பாய் வாங்கிப் போட்டாள். இப்போது அந்தப் பாய் கறுப்புத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

அந்த வீடு ஒருகாலத்தில் ஒரே வீடாக இருந்தது. அத்தையின் பிள்ளைகள், அண்ணன் தம்பி இருவரும், பாகம் பிரித்துக்கொண்டபோது நடுவில் சுவர் எழுப்பினார்கள். அப்போது இருவருக்கும் பேச்சு இல்லை. பின்பக்கம் எங்கே கழிவுத் தொட்டி இருக்கிறது என்பதைக் கொத்தனாரிடம் தம்பி சொல்லியிருப்பான் என்று அண்ணன் நினைத்தான், அண்ணன் சொல்லியிருப்பான் என்று தம்பி நினைத்தான். கொத்தனாருக்கு யாருமே சொல்லவில்லை. அவர் கயிற்றைப் பிடித்து நேர்கோடாகத் தொட்டியின் மேலேயே சுவரைக் கட்டிவிட்டுப் போனார். இரண்டு வீட்டுக் கழிவும் சேர்கிற தொட்டி ஒன்றுதான். அதன் மூடி அண்ணன் பக்கம் மாட்டிக்கொண்டது. பிறகு அண்ணன் தன் பக்கத்துத் தரையை உயர்த்தி, மூடி எங்கே என்ற அடையாளமே இல்லாமல் அழகாக ஓடு பதித்தான். தரை உயர்ந்த வீட்டில் என்றைக்கும் தண்ணீர் தேங்குவதில்லை. தொட்டி நிரம்பினால் தாழ்ந்த வீட்டுக்குத்தான் எதிர்த்து ஏறும். ஒரு கூரையைப் பிரித்துக்கொண்டு விடலாம், வயிற்றுக் கழிவை யாரால் பிரிக்க முடியும்? கடவுள் சில சமயம் மனிதர்களை இப்படித்தான் கட்டிப்போட்டு வைக்கிறார், கொஞ்சம் சிரித்துக்கொண்டே.

சின்னவள் தன் கணவனை எழுப்பினாள். அண்ணனிடம் போய்க் கேட்கச் சொன்னாள். அவன் அந்த வாசற்படியை இந்த ஜன்மத்தில் மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, அம்மாவை அழைத்து வர வண்டி பிடிக்கிற வேலை இருக்கிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவள் அவனைத் தடுக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். இன்றைக்கு ஒருநாள் என் நாக்கைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள் என்று மட்டும் வேண்டினாள். பிறகு கழிவு லாரிக்காரரை ஃபோனில் கூப்பிட்டாள்.

லாரிக்காரருக்கு அந்த வட்டாரத்தில் சென்ட்டு என்று பெயர். தினமும் வேலை முடிந்ததும் குளித்து முழுகி, காதுக்குப் பின்னால் சென்ட்டு தடவிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். கேலிக்கு வைத்த பெயர்தான். அவரே அதை லாரியின் நெற்றியில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டதும் கேலி செய்தவர்களுக்குச் சுவாரசியம் போய்விட்டது. வந்து விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையைச் சொறிந்தார். மூடியைத் திறக்காமல் உறிஞ்சுவதற்கு வழியில்லை, அந்தப் பக்கம் போய்த்தான் ஆகவேண்டும் என்றார். சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவைச் சுற்றி, அவரோடு கணவனின் அண்ணன், மூத்தவர் வீட்டு வாசலுக்குப் போனாள். நாலு வருஷத்தில் முதல் தடவை.

கதவைத் திறந்தது பெரியவள். மூத்தவர் வேலைக்குப் போயிருந்தார். ஓரகத்திகள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டவர்கள் அல்ல, அதுதான் வேடிக்கை. புருஷன்மார் பேசாததால் இவர்களும் பேசவில்லை. அப்புறம் பேசாதது அதுவாகவே வேர் பிடித்துக்கொண்டது. முதலில் யார் வாயைத் திறப்பது என்பதே ஒரு மலையாகிவிட்டது. பெரியவள் சின்னவளை ஒருமுறை பார்த்துவிட்டு, முகத்தை லாரிக்காரர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"எங்க வீட்ல எல்லாம் ஒழுங்காத்தான் போகுதுன்னு சொல்லுங்க."

"உங்க வீட்ல ஒழுங்கா போறது எங்க போய் நிக்குதுன்னு இவங்களைக் கேளுங்கம்மா," என்றார் சென்ட்டு.

பெரியவளின் வாயோரம் ஒரு கணம் துடித்தது. சிரிப்பாகவும் இருக்கலாம். ஆனால் ஓடு தன் வீட்டுக்காரர் ஆசையாகப் பதித்தது, அவர் இல்லாதபோது கை வைக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள் என்று லாரிக்காரரிடமே சொன்னாள். சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்தாள். சின்னவளின் நாக்கில் எத்தனையோ வார்த்தைகள் வந்து நின்றன. நாலு வருஷத்துச் சரக்கு. எல்லாவற்றையும் விழுங்கினாள். விழுங்கிய பிறகு மிச்சம் இருந்தது ஒரே ஒரு விஷயம்தான்.

"அக்கா, அத்தை தண்ணி குடிக்க மாட்டேங்கிறாங்க."

கதவு நின்றது.

பாத்திரத்துக்குக் கூச்சப்பட்டு அத்தை வாயைக் கட்டியதையும், ஜுரம் வந்ததையும், டாக்டரம்மா சொன்னதையும், இன்றைக்குப் பிற்பகல் வருகிறார் என்பதையும் சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குறையாக எதையும் சொல்லவில்லை, கேட்டும் கொள்ளவில்லை. பெரியவள் உள்ளே போனாள். சின்னவள் அவ்வளவுதான் என்று நினைத்துத் திரும்பப் பார்த்த நேரத்தில், இரும்புக் கடப்பாரையைத் தரையில் இழுத்துக்கொண்டு பெரியவள் வெளியே வந்தாள்.

"உடைங்க," என்றாள் லாரிக்காரரிடம்.

"அண்ணன் வந்து என்னைப் பிடிச்சுக்கிட்டாருன்னா?"

"ஓடு பதிச்சது அவரு. தினம் கூட்டிப் பெருக்குறது நான். எனக்கும் அதுல பாத்தியதை இருக்கு."

சென்ட்டு கடப்பாரையின் பின்பக்கத்தால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். துணி காயப்போடும் கொடிக்குக் கீழே சத்தம் மாறியது. நாலு ஓடு போயிற்று. மூடியைப் புரட்டியதும் இருவரையும் தள்ளிப்போகச் சொல்லி, உள்ளே இருக்கிற வாயு போகட்டும் என்று வெகுநேரம் காத்திருந்தார். அந்த நேரத்தில் அவர் ஓஸ் குழாயைத் தோளில் போட்டு, சந்து வழியாக ஒவ்வொரு துண்டாகப் பூட்டிக்கொண்டு வந்தார். லாரி மோட்டார் உறும ஆரம்பித்தது. ஓஸ் ஒரு மிருகம்போல் துள்ளி, பிறகு அடங்கி உறிஞ்சியது. அடியில் கெட்டிப்பட்டதை நீண்ட கழியால் கலக்கினார், தண்ணீரைப் பீய்ச்சி இளக்கினார், மறுபடி உறிஞ்சினார். அடியில் கொஞ்சத்தை வேண்டுமென்றே விட்டார். முழுக்க வழித்துவிட்டால் கழிவைத் தின்கிற கிருமி செத்துப்போகும் என்றார். பெரியவள் மூக்கை மூடிக்கொண்டு தன் சமையலறை வாசலில் நின்றாள். சின்னவள் சுற்றுச்சுவர் ஓரம் நின்றாள். இருவருக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது.

தொட்டி காலியானது. சின்னவள் ஓடிப்போய்த் தன் குளியலறையைப் பார்த்தாள். தண்ணீர் அப்படியே நின்றது. ஒரு விரல்கூட இறங்கவில்லை. மணியைப் பார்த்தாள். திரும்பி ஓடிவந்து சொன்னபோது, உங்கள் பக்கத்துப் பைப்பு தொட்டிக்குள் விழுகிற வாயில், தண்ணீர் எதிர்த்து ஏறியபோது ஏதோ வந்து அடைத்திருக்கிறது, சுவரின் அஸ்திவாரம் அதை நசுக்கியும் இருக்கலாம் என்றார் சென்ட்டு.

"அப்ப யாராவது ஒரு ஆளு உள்ள எறங்கி, கையால இழுத்துவிட்டா..." என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள் சின்னவள்.

சென்ட்டின் முகம் சட்டென்று இறுகியது. அதுவரை சிரித்த மனிதர் ஓஸைக் கீழே வைத்தார்.

"உங்க அத்தை நல்லா இருக்கணும். சரிதான். எறங்குறவனுக்கும் வீட்ல அம்மா இருக்காங்க, தங்கச்சி."

அவர் குரலை உயர்த்தவில்லை. சின்னவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. நல்லதைச் செய்தே தீர வேண்டும் என்று பிடிவாதமாக ஓடுகிறவர்கள் வழியில் யாரை மிதிக்கிறோம் என்று பார்ப்பதில்லை. காலையில் நாக்கைப் பிடித்துக்கொள் என்று வேண்டியது பெரியவளுக்காக. அவிழ்ந்துபோனது இந்த மனிதரிடம். தப்புதாண்ணே, தெரியாம சொல்லிட்டேன் என்றாள். அவர் தலையசைத்தார். பெரியவள் உள்ளே போய் ஒரு செம்பில் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து, அவரிடம் நீட்டினாள். அவர் கையைக் கழுவிவிட்டு வாங்கிக் குடித்தார். அந்தச் செம்புத் தண்ணீரோடு ஒரு வருத்தம் இறங்கிப்போனதைச் சின்னவள் கண்ணால் பார்த்தாள்.

வேறு வழி இருக்கிறது, ஆனால் நீங்கள் இரண்டு பேரும் வேலை செய்ய வேண்டும் என்றார் அவர். அவர் சின்னவள் வீட்டுப் பக்கம் வந்து, குளியலறைக்கு வெளியே இருந்த சின்னக் குழியைத் திறந்து, ஒன்றோடொன்று பூட்டுகிற கம்பிகளை உள்ளே விட்டுக் குத்துவார். சின்னவள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெரியவள் அந்தப் பக்கம் மூடிக்குத் தள்ளி நின்று, பைப்பு வாயில் தண்ணீர் விழுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எட்டி நின்றே பாருங்கள், குனிய வேண்டாம் என்று இரண்டு முறை எச்சரித்துவிட்டு வந்தார்.

முதல் வாளி போயிற்று. அவர் கம்பியைத் திருகினார். சுவருக்கு அப்பால் இருந்து பெரியவளின் குரல் வந்தது.

"இன்னும் வரலைன்னு அவகிட்ட சொல்லுங்க."

சென்ட்டு நிமிரவில்லை. "லாரி சத்தத்துல காது போயிருச்சும்மா. ஒண்ணும் கேக்கல. நேரா அவங்ககிட்டயே சொல்லிருங்க," என்று உரக்கச் சொன்னார்.

லாரி மோட்டார் எப்போதோ நின்றிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சின்னவள் மூச்சுக்குள் முணுமுணுத்த மன்னிப்பைக் கேட்ட காது அது. சின்னவள் அவரைப் பார்த்தாள். அவர் ரொம்ப மும்முரமாகக் கம்பியைப் பூட்டிக்கொண்டிருந்தார். பாவக் கணக்கு எழுதுகிற தேவதை, உலகத்தில் சில பொய்களுக்கு மையைத் தொடாமலே விட்டுவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. இந்தக் கதையைச் சொல்கிறவனும் அதில் ஒருவன்.

சின்னவள் அடுத்த வாளியைச் சாய்த்தாள். இன்னொன்று. தோள்பட்டை இற்றுப்போனது. நனைந்த பாயைக் காலால் ஒதுக்கிவிட்டு மறுபடி நிரப்பினாள். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டோம் என்று கணவன் ஃபோன் செய்தான். சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். ஊற்றாமல் விடுவதில்லை. கை கழன்று விழுந்தாலும் சரி.

சென்ட்டு பல்லைக் கடித்துக் கம்பியை ஒரு குத்து குத்தினார். எங்கேயோ மண்ணுக்கடியில் தொண்டை செருமுவது போல ஒரு சத்தம்.

"இரு," என்றது சுவருக்கு அப்பாலிருந்து குரல். பிறகு, "கொஞ்சமா கசியுது. நிறுத்தாத, ஊத்து."

சின்னவள் ஊற்றினாள்.

"ஊத்து, ஊத்துடி. வருது. சிமெண்டுக் கட்டி மாதிரி ஏதோ வந்து விழுந்துச்சு. ஐயோ, என் மேல தெறிச்சிருச்சு சனியன்."

குளியலறைத் தரையில் நின்ற கறுப்புத் தண்ணீர் ஒரு சுழி போட்டு, கொப்பளித்து, மடமடவென்று இறங்கிப்போனது. சின்னவள் வெறும் வாளியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா, போய்க் குளிங்க என்று கத்தினாள். நீ முதல்ல அந்தக் குளியலறையைப் பினாயில் ஊத்திக் கழுவு, அத்தைக்கு அந்த நாத்தம் ஆகாது என்று பதில் வந்தது. சென்ட்டு கம்பிகளைக் கழற்றி ஒவ்வொன்றாகத் துடைத்துக் கட்டினார். மூடியை மட்டும் வைத்திருக்கிறேன், சாயங்காலத்துக்குள் விளிம்பைப் பூசிவிடுங்கள் என்று பெரியவளிடம் சொல்லிவிட்டுப் போனார். பெரியவள் சரி என்றது இம்முறை அவர் காதுக்கு நன்றாகவே கேட்டது.

அத்தை வந்தபோது வீட்டில் பினாயில் வாசனை மட்டும்தான் இருந்தது. மகன் கையைத் தட்டிவிட்டு, சட்டத்தைத் தள்ளிக்கொண்டு, நேராகக் குளியலறைக்குத்தான் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். சின்னவள் வெளியே நின்றாள், உதவிக்குக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், பார்க்காத தூரத்தில். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அது தடையில்லாமல் போய் மறைகிற சத்தமும் கேட்டது. வெளியே வந்த அத்தை கட்டிலில் உட்கார்ந்து, "தொண்டை வறண்டு கிடக்கு, குடிக்கக் கொஞ்சம் கொடு," என்றார். கொடுத்ததை நிறுத்தாமல் குடித்தார். தம்ளரைத் திருப்பி நீட்டியபடி, பின்பக்கம் யார் குரல் கேட்கிறது என்று கேட்டார்.

மூத்தவர் வேலையிலிருந்து வந்துவிட்டார். ஓடு எங்கே, யார் உடைச்சது என்று அவர் போட்ட சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. பெரியவளின் குரல் அதற்குள் நுழைந்து நிதானமாக ஏதோ சொன்னது. தண்ணீர் என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. அப்புறம் சத்தமே இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் காலிச் சாந்துச் சட்டியில் கொத்துக் கரண்டி உரசுகிற ஓசை. வீட்டில் பொட்டு சிமெண்டு இல்லையே, இந்த நேரத்துல கடையும் சாத்தியிருப்பான் என்று மூத்தவர் யாரிடமோ சொல்வதுபோல், கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

சின்னவளின் கணவன் படிக்கட்டுக்குக் கீழே போனான். கைப்பிடி அடித்தபோது மிஞ்சிய அரை மூட்டை சிமெண்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தான். சுவருக்கு அருகில் போய் நின்றான். மூட்டையை மேலே தூக்கி அந்தப் பக்கம் நீட்டிவிடலாம், சுவர் அவ்வளவு உயரமில்லை. கையை உயர்த்தினான், தாழ்த்தினான். தெருவைச் சுற்றி அண்ணன் வீட்டுக்குப் போகிற வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். மூட்டையின் ஓட்டை வழியாகச் சாம்பல் நிறப் பொடி அவன் சட்டை மேல் மெல்ல உதிர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்குள் அத்தை, நிரம்பிய தம்ளரைக் கையில் பிடித்தபடி, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.