பூச்சு காயும் வரை

வேலம்மாளுக்கு ஆபரேஷன் நடந்ததை அந்தக் குடியிருப்பில் ஒருத்தரும் நம்பவில்லை. மகள் மேகலாவைப் பெற்றபோது வயிற்றைக் கிழித்துப் போட்ட தையல், வருஷங்கள் கழித்து உள்ளே விட்டுப்போய், அந்த வழியாகக் குடல் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்துக்கொண்டு வந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் மூன்று சிறு துளை போட்டு, கேமரா விட்டுச் சரிசெய்து, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதுதான் வினையாகிப் போனது.

டெல்லியில் மதராசி கேம்ப் குடிசைகளில் இருந்த காலந்தொட்டு அந்தத் தமிழ்ச் சனங்களுக்குள் ஒரு வழக்கம். ஆபரேஷன் ஆனவளைப் பார்க்க வரும் பெண்கள் தழும்பைப் பார்க்காமல் போகமாட்டார்கள். தழும்பின் நீளத்துக்குத் தகுந்த ஓய்வு. சாண் நீளம் என்றால் மாதக்கணக்கில் ஆளாளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். வேலம்மாள் புடவையை விலக்கிக் காட்டினாள், மூன்று பிளாஸ்திரி. வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

"இதுக்கா ஒன்றரை மாசம் வெயிட் தூக்கக் கூடாதாம்?" என்றான் புருஷன் மூக்கன். "கொசு கடிச்சாகூட இதவிடப் பெருசா வீங்கும்."

கேம்ப்பை இடித்தபின் வந்து சேர்ந்த வீடு மூன்றாம் மாடி. மோட்டார் பழுதானால் டேங்கர் தண்ணீர்தான், அதைச் சுமப்பது பெண்கள்தான். மறுவாரம் டேங்கரின் ஹார்ன் கேட்டதும் வேலம்மாள் கேனை எடுத்தாள். வலியே இல்லையே, டாக்டர் சும்மா பயமுறுத்துகிறார் போலும் என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. ஆனாலும் வாசலில் கால் நின்றுவிட்டது. மறுபடி விட்டுப்போனால் மறுபடி ஆஸ்பத்திரி வரிசை. அதற்குள் வேலை செய்யும் வீடுகளில் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

"உள்ள வலை வெச்சிருக்காங்கய்யா," என்றாள். "ஓட்டை மேல வலையப் பரப்பிருக்கு. சதை வளந்து அதப் புடிச்சுக்கணுமாம். அதுவரைக்கும் அழுத்தமே கூடாதாம்."

பூச்சு வேலைக்குக் கிளம்பக் கரணையைத் துடைத்துக்கொண்டிருந்த மூக்கன் நிமிர்ந்தான்.

"வலையா? மொதல்லயே சொல்றதுக்கென்னடி? தூணும் செங்கல்லும் சேர்ற எடத்துல நாங்களும் முர்கா ஜாலி, அதான் கோழிவலைக் கம்பி, அடிச்சுத்தான் பூசுவோம், விரிசல் விடாம இருக்க. பூச்சு காயாம எவனாச்சும் ஏணி சாத்துனா கைய ஒடச்சிருவேன்."

"சொன்னேன். நீ தழும்பதான் பாத்துட்டிருந்த."

அவன் கேனைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினான். டேங்கரைச் சுற்றி நின்ற பெண்களுக்கு நடுவே ஒற்றை ஆம்பளை. யாரோ சிரித்தார்கள். "பூச்சு இன்னும் ஈரம்," என்று அவன் சொன்னது மாடிவரை கேட்டது.

வேலம்மாளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கூடவே கோபமும் வந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்காக இறங்காதவன், ஒரு சுவரை நினைத்து இறங்கியிருக்கிறான்.

மூச்சிரைக்க ஏறிவந்து கேனை வைத்தான்.

"இன்னும் மூணு கேன் வேணும்," என்றாள்.