மல்லாந்து கிடந்த போன்

வயர் இல்லாமல் போனை சார்ஜ் செய்வதில் பிரயோஜனம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் வாயில் நல்ல வார்த்தை வராது.

செர்பியாவில், சோம்போர் என்ற ஊரில் நானும் என் கணவர் வுகாஷினும் கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு கடை நடத்தி வந்தோம். காலையில் காபி, மதியம் மிளகாய்த்தூள் தாராளமாகப் போட்ட மீன் குழம்பு, அதற்கப்புறம் கேட்பவர்களுக்கு ராக்கியா என்கிற பழச்சாராயம். கட்டடம் தோதோர் என்பவருடையது. அடுப்பு, மேஜை, நாற்காலி எல்லாம் எங்களுடையவை. கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில்தான் குடியிருந்தோம். போன நவம்பரோடு குத்தகை முடிய இருந்தது. தோதோர் புதுப்பிக்க மறுத்தால் பிழைப்பும் போகும், வீடும் போகும்.

மோமிர் எங்கள் கூம்; அவனுக்கு நான் கூமா. எங்கள் திருமணத்துக்குச் சாட்சி நின்றவன், மகளின் திருமுழுக்கில் அவளைக் கையில் ஏந்தியவன். எங்கள் பக்கத்தில் கூடப் பிறந்தவனோடு கோர்ட்டுக்குப் போவார்கள். கூமிடம் குரலைக்கூட உயர்த்த மாட்டார்கள். போன வருஷம்வரை நானும் அவனை ‘அவர்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த மரியாதைக்கு என் நாக்கு வளையவில்லை.

வசந்தகாலத்தில் ஒருநாள் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

“இத மேஜைக்கு அடியில பொருத்திட்டா போதும், கூமே. மேல போனை வச்சா தானா சார்ஜ் ஏறும். காலேஜ் பசங்க கூட்டமா வருவாங்க. காபி குடிக்க வந்தவன் ரெண்டு மணி நேரம் எந்திரிக்க மாட்டான்.”

“ஒரே காபிய வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்தா எனக்கு என்ன லாபம்?” என்றேன் நான். “வயருக்கு என்ன கேடு வந்துச்சு?”

“கூமா, உனக்கு எதைச் சொன்னாலும் குத்தம்தான். ஓவனை வாங்கினப்பவும் இப்படித்தான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்ட.”

வுகாஷின் சிரித்துவிட்டார். கூம் சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. எங்களுடையது கனமான ஓக் மேஜைகள். அந்தக் கனத்தைத் தாண்டி மின்சாரம் மேலே வராதாம். ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போட்டு, அடியில் குடைந்து குடைந்து மெலிதாக்கினார். கோடை முழுக்க இடுப்புவலி. முதுகில் தைலம் தேய்த்துவிட்டது நான்.

அதன் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். போன் ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் ஏறாது. உறை தடிமனாக இருந்தால் ஏறாது. ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு அழைப்பு வந்தால், அதிர்ந்து அதிர்ந்து தானாகவே நகர்ந்து போய்விடும். கையில் எடுத்தால் அடுப்பிலிருந்து வந்த ரொட்டி மாதிரி சுடும். பாதிப் பேர் கடைசியில் என்னிடம் வந்து, “தெசன்கா, ஒரு வயர் இருந்தா குடுங்களேன்” என்று பல்லைக் காட்டுவார்கள். கல்லாவுக்குக் கீழே ஒரு கூடை நிறைய வயர் வைத்திருந்தேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, கூட்டம் வந்தது. சார்ஜ் ஏறுகிறதோ இல்லையோ, இருக்கிறது என்பதற்காகவே பிள்ளைகள் வந்தார்கள். இலையுதிர்காலத்தில் கடை நிரம்பி வழிந்தது.

குத்தகை விஷயத்தையும் மோமிரே ஏற்றுக்கொண்டான். “தோதோரும் நானும் பட்டாளத்துல பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல படுத்தவங்க. நான் பேசிக்கறேன், நீ கடையப் பாரு” என்றான். பேசி முடித்தால் ஒரு கையெழுத்து வாங்கி வரச் சொல்லுங்கள் என்று நான் வுகாஷினிடம் சொன்னேன். என்றைக்கும் கோபப்படாத மனுஷனுக்கு அன்றைக்குக் கோபம் வந்துவிட்டது.

“கூம்கிட்ட போயி பேப்பர் கேக்கறதா? அதுக்கு நான் நாண்டுக்கிட்டுச் சாகலாம்.”

நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நவம்பரில் புனித திமித்ரியின் நாள் வந்தது. அவர்தான் எங்கள் குடும்பத்தின் புனிதர். அன்று யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர்கள் வருவார்கள். வீடு சிறியது என்பதால் கடையிலேயே வைத்துக்கொள்வோம். பெரிய மெழுகுவர்த்தி எரிந்து முடியும்வரை விருந்து கொடுக்கும் வீட்டுக்காரன் உட்காரவே மாட்டான். நின்றபடியே வந்தவர்களுக்கு ஊற்றுவான், பரிமாறுவான். எதிரியே வந்தாலும் ஒரு கடுஞ்சொல் சொல்லக் கூடாது.

மோமிருக்குப் போனைக் கவிழ்த்து வைக்கிற பழக்கம், சீட்டாடுகிறவன் கையில் இருப்பதைக் காட்டாத மாதிரி. அன்று அவன் போனில் சார்ஜ் தீரும் நிலையில் இருந்தது. என் அண்ணன் அவனைச் சீண்டினான்.

“என்னப்பா மோமிர், இந்த மேஜையெல்லாம் நெஜமாவே சார்ஜ் ஏத்துமா, இல்ல சும்மா அலங்காரமா?”

“ஏத்துமாவா? இந்தா பாரு!” என்று எல்லோர் முன்னாலும் போனை மேஜைமேல் வைத்தான். கவிழ்த்து வைத்தால் அந்தச் சனியன் ஏறாது, முதுகு கீழே இருக்க வேண்டும். மல்லாத்தி வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குள் முற்றத்திலிருந்து வுகாஷின் பன்றி வறுவலைத் தூக்க ஒரு கை கேட்டார். பெருமை கொப்பளிக்க எழுந்து போனான்.

நான் அந்த மேஜையில் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்து வெளிச்சம் வந்தது. தோதோர் அனுப்பியிருந்தார். அடுத்தவர் போனைப் படிக்கிற ஆள் இல்லை நான். ஆனால் என் புருஷன் பெயர் கண்ணில் பட்டுவிட்டதே.

‘கையெழுத்து போட்டுட்டேன். ஒண்ணாம் தேதியிலேர்ந்து கடை உன்னோடது. வுகாஷின் மேஜையெல்லாம் கழட்டிட்டுப் போகாம நீதான் பேசி இங்கயே விட்டுட்டுப் போக வைக்கணும். அவன்கிட்ட சொல்லிட்டியா இல்லையா?’

கடையை மட்டும் அவன் எடுத்துக்கொள்ளவில்லை. அதைத் தனக்காக எங்கள் கையாலேயே ஜோடிக்கவும் வைத்திருக்கிறான். என் புருஷன் கோடை முழுக்க இடுப்பொடியக் குடைந்தது இவனுக்காகத்தான்.

வுகாஷினைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

“சரியா படிச்சியா?” என்றார்.

“கண்ணாடி போட்டுக்கிட்டுதான் படிச்சேன்.”

பன்றி வறுவலின் எண்ணெய் பட்ட கையைத் தொட்டியில் கழுவினார். பிறகு, “இன்னிக்கு ஒண்ணும் பேசக் கூடாது தெசா. மெழுகுவர்த்தி எரியுது” என்றார்.

“இங்க என் வயிறு எரியுது, அது தெரியலயா உங்களுக்கு?”

அவர் புனிதரின் ரொட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ரொட்டியை வீட்டுக்காரனும் கூமும் சேர்ந்து பிடித்துச் சுற்ற வேண்டும், சேர்ந்து உடைக்க வேண்டும். மோமிர் எழுந்து வந்து கையைக் கொடுத்தான். நாலு கையும் ஒரே ரொட்டியில். சுற்றிக்கொண்டே வுகாஷின் மெதுவாகக் கேட்டார்.

“கூமே, தோதோர்கிட்ட பேசினியா?”

இப்போதாவது சொல்லித் தொலைக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அங்கேயே மன்னித்திருப்பார். எனக்கு என் புருஷனைத் தெரியும்.

“எல்லாம் பேசியாச்சு கூமே. நீ கவலைய விடு.”

ரொட்டி உடைந்தது. வுகாஷின் அவனைக் கன்னம் மாற்றி மூன்று முறை முத்தமிட்டார், முறைப்படி. ஒரு பாதியை அவன் கையில் கொடுத்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மோமிருக்கு எதிரே உட்கார்ந்தார்.

மெழுகுவர்த்தி பாதிகூட எரிந்திருக்கவில்லை.

“என்ன கூமே, உடம்புக்கு முடியலையா?” என்றான் மோமிர்.

வுகாஷின் தன் காலிக் கிளாசை அவன் பக்கம் நகர்த்தினார்.

“ஊத்து கூமே. இனிமே வீட்டுக்காரன் நீதானே.”

மோமிர் என்னைப் பார்த்தான், பிறகு தன் போனைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. பாட்டிலை எடுக்கப் போன கை நடுவிலேயே நின்றது.

“கேளு கூமே... தோதோர் எப்படியும் உனக்குப் புதுப்பிக்கிறதா இல்ல. நான் எடுக்கலைன்னா வேற எவனாவது எடுத்திருப்பான்.”

“எடுத்திருக்கட்டுமே,” என்றார் வுகாஷின். “வேற எவனாவது எடுத்திருந்தா, அழறதுக்கு நான் உன் வீட்டுக்குத்தானே வந்திருப்பேன்.”